சிலிண்டரும் ஈட்டியும் ஒரே கையில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகக் கடற்கரையில், காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா சுற்றுலா வளர்ந்து வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முத்துக்குளித்த மரபுள்ள ஒரு கரையில் நம் பிள்ளைகள் கடலுக்குள் இறங்கிப் பார்க்கக் கற்றுக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அக்கட்டுரையின் கடைசிப் பகுதியில், வெளிநாடுகளில் சில இடங்களில் நடப்பதைப் போல இங்கேயும் பயணிகள் சிலிண்டரைச் சுமந்து மூழ்கி, பவளப்பாறைகளில் வாழும் சுவையான மீன்களைத் தாமே ஈட்டியால் குத்திப் பிடித்து, கரையேறியதும் சுட்டுச் சாப்பிட வழி செய்தால் கூட்டம் பெருகும் என்று போகிற போக்கில் ஒரு யோசனை சொல்லப்பட்டிருந்தது. இந்தக் கடிதம் அந்த ஒரு யோசனையைப் பற்றியது.

கடலே இல்லாத தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்தில் உட்கார்ந்துகொண்டு பவளப்பாறையைப் பற்றிப் பேச இவர் யார் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஐஸ் பெட்டியில் வரும் களவா மீனின் தலையை வாங்கிக் குழம்பு வைத்துக் கேழ்வரகுக் களியோடு சாப்பிடுகிற வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. ஆகவே கடலில் எந்த மீன் எப்படிப் பிடிபடுகிறது என்பதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதோடு, சனிக்கிழமை விடியலில் ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் காரில் கிளம்பி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் புதுச்சேரிக்குப் போய்க் கடலில் மூழ்கிவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பும் இளைஞர்களில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களே பலர் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் புளோரிடாவில் சில ஆண்டுகள் இருந்தவர். அங்கே சிலிண்டரோடு மூழ்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பதற்குப் பல கடற்பகுதிகளில் அனுமதி உண்டு. பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது தாம் எடுத்த படங்களைக் காட்டினார். இளநீல வெதுவெதுப்பான தண்ணீர், பாறை இடுக்கில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கும் பெரிய களவா, ரப்பர் பட்டையின் இழுவிசையில் பாயும் ஈட்டி. படகிலேயே மீனின் இரத்தத்தை வடித்து உடனே பனிக்கட்டியில் வைத்துவிடுவதால் வலை மீனைக் காட்டிலும் இதன் சதை வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும் என்றும், அந்தச் சுவைக்கு ஈடே இல்லை என்றும் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. பிறகு என்னைச் சமாதானப்படுத்தும் விதமாக, “நாங்கள் சின்ன மீனைத் தொடுவதே இல்லை சார், பெரியதை மட்டும்தான் குத்துவோம்” என்றார்.

சிக்கலே அங்குதான் இருக்கிறது. களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ச்சியடைந்து, பல ஆண்டுகள் முட்டையிட்டு, நன்கு வளர்ந்த பிறகே ஆணாக மாறுபவை. ஒரு பாறையில் காணப்படும் மிகப் பெரிய களவா அநேகமாக அந்தப் பகுதியின் ஆண் மீனாக இருக்கும். அதற்கு அடுத்த அளவில் இருப்பவை அதிக முட்டையிடும் பெண் மீன்கள். குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெரியவற்றை மட்டும் எடுப்பது ஆட்டு மந்தையில் வேண்டுமானால் நல்ல பழக்கமாக இருக்கலாம். களவாவின் பாறையில் அது குடும்பத்தின் தலையையே எடுப்பதாகும். பல களவா இனங்கள் மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் வாழ்பவை, இருந்த பாறையை விட்டு எளிதில் அகலாதவை. இனப்பெருக்கக் காலத்தில் அவற்றில் பல, நிலவின் கணக்கை ஒட்டி ஆண்டுதோறும் அதே இடத்தில் கூடுகின்றன. அந்த இடத்தை அறிந்த நான்கு பேர் சில நாட்களில் செய்துவிடும் சேதத்தை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

பெரியதை மட்டும் குத்துவோம் என்பதில் இன்னொரு இடறலும் உண்டு. முகக்கவசத்தின் தட்டையான கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது, நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால், பொருள்கள் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெரியதாகவும், கால் பங்கு அருகிலும் தோன்றும். 30 சென்டிமீட்டர் மீன் 40 சென்டிமீட்டர் போலத் தெரியும். பழகியவர்கள் இதை மனத்துக்குள் கழித்துக்கொள்வார்கள்; வார இறுதிப் பயணியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. நிறமும் ஏமாற்றும், பத்து மீட்டருக்குக் கீழே சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிடுவதால் சிவந்த செப்பிலி மீனும் சாம்பல் நிறமாகவே தெரியும். தூண்டிலில் சிக்கிய மீன் சிறியது என்றாலோ, பாதுகாக்கப்பட்ட இனம் என்றாலோ கழற்றித் தண்ணீரில் விடலாம். ஈட்டி பாய்ந்த மீனை அளந்து பார்த்துவிட்டு விட வழியில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியச் செய்திக்கு வருகிறேன். என் சிறு வயதில், கோடையில் காவிரி வற்றி ஒகேனக்கல்லில் பாறைகள் வெளியே தெரியும்போது, ஆற்று மீனெல்லாம் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். பரிசல்காரர்களின் வலை ஓரளவு ஆழம்வரைதான் எட்டும். தூண்டில் போடுபவர்களும் மடுவின் விளிம்போடு நின்றுவிடுவார்கள். யாரும் சட்டம் போட்டுத் தடுத்ததில்லை, மடுவின் அடி எவருக்கும் எட்டவில்லை, அவ்வளவுதான். மழை பெய்து வெள்ளம் வந்ததும் அந்த மடுவில் பிழைத்திருந்த மீன்களே ஆறு முழுவதும் பரவும். பிறகு யாரோ கல் உடைக்கும் வெடிமருந்தை ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டா போட்ட அன்று மிதந்த மீன்களைக் கூடை கூடையாக அள்ளினார்கள். மிதக்காமல் அடியிலேயே தங்கி அழுகியவற்றுக்குக் கணக்கில்லை. அதற்குப் பின் வந்த சில கோடைகளில் அந்த மடுவில் ஆளுயரக் கெண்டையை நான் பார்க்கவில்லை. மஹ்சீர் என்று உலகம் முழுதும் தூண்டில்காரர்கள் கொண்டாடும் காவிரியின் பெருங்கெண்டை இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் ஒன்று.

ஈட்டியைத் தோட்டாவோடு சேர்த்துப் பேசுவது மிகை என்பதை அறிவேன். ஈட்டி குறிபார்த்த மீனைத் தவிர வேறு எதையும் கொல்வதில்லை. வலையைப் போல வேண்டாத மீன்களை வாரி வருவதில்லை. அந்த வகையில் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவலையைவிட அது பல மடங்கு நேர்மையான கருவி. நான் ஒப்பிடுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்குபவருக்குப் பவளப்பாறையின் ஆழ்ந்த சரிவுகளும் குகைகளும் மடுவைப் போல எட்டாதவை. சிலிண்டர் அந்த மடுவைத் திறந்துவிடுகிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். நல்ல பழக்கம் உள்ள ஒருவர் மூச்சை அடக்கி 10 அல்லது 15 மீட்டர் ஆழத்துக்குப் போனால், இறங்கவும் ஏறவும் ஆகும் நேரம் போக, அடியில் அரை நிமிடம் நிற்பதே பெரிது. மேலே வந்து வெகுநேரம் ஓய்வெடுக்க வேண்டும். குகைக்குள் பின்வாங்கிய களவா அந்த அரை நிமிடம் பொறுத்திருந்தால் தப்பிவிடும். 12 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில், கரையில் உள்ளதைப் போல ஏறத்தாழ 200 மடங்கு (200 பார்) அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்று, வெளியே விட்டால் 2,400 லிட்டர் ஆகும். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு, 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மும்மடங்கு என்பதால் நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவாகும். பாதுகாப்புக்காகக் கால் பங்கை ஒதுக்கிவிட்டாலும், அரை மணி நேரம் அவர் அந்தக் குகை வாயிலில் மண்டியிட்டுக் காத்திருக்கலாம். மீனுக்கு அரை மணி நேரம் பொறுக்கத் தெரியாது.

இரவில் நிலைமை இன்னும் மோசம். பவளப்பாறையின் கிளிமீன்களில் பல இனங்கள் இருட்டியதும் தம் உடலைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறையைச் சுரந்து அதற்குள் தூங்குபவை. விளக்கும் சிலிண்டரும் உள்ளவருக்கு அது மீன் பிடித்தல் அன்று, அறுவடை. பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருப்பவை கிளிமீன்கள். வெப்பத்தால் வெளுத்துப்போன பவளம் மீண்டும் தழைக்க வேண்டுமானால் பாசியை மேயும் இந்த மீன்கள் வேண்டும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்ததை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

இந்த அனுபவத்தை உலகின் பல கடற்கரைகள் நமக்கு முன்பே பெற்றுவிட்டன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஈட்டியால் மீன் பிடிக்கலாம், சிலிண்டரோடு பிடிக்கக் கூடாது. பஹாமாஸ் தீவுகளில் மூச்சை அடக்கி மூழ்கி, கையால் இழுத்து விடும் எளிய ஈட்டியை மட்டுமே பயன்படுத்தலாம். கரீபியக் கடலில் உள்ள பொனேர் தீவு 1971-லேயே ஈட்டி வேட்டையை முழுதுமாக நிறுத்திவிட்டது. இன்று அத்தீவு, மீனைப் பார்க்க மூழ்குபவர்கள் தேடி வரும் இடம். நமக்குப் பக்கத்து நாடான மாலத்தீவிலும் ஈட்டிக்குத் தடை. பசிபிக் கடலில் அமெரிக்கன் சமோவா 2001-இலும், குவாம் 2020-இலும் சிலிண்டரோடு மீன் பிடிப்பதைத் தடை செய்தன. மீனே உணவாகவும் மானமாகவும் இருக்கும் தீவு மக்கள், தங்கள் மரபு ஈட்டியை வைத்துக்கொண்டு சிலிண்டரை மட்டும் விலக்கினார்கள் என்பதை நம் சுற்றுலாத் திட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

புளோரிடாவில் அனுமதி உண்டே என்று என் மாணவர் கேட்டார். உண்டு, ஆனால் அங்கே உரிமம் வேண்டும், ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்ற அளவு உண்டு, அட்லாண்டிக் பக்கத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை களவா இனங்கள் பலவற்றைத் தொடவே முடியாது, பொதுக் குளியல் கடற்கரைக்கு அருகிலும் குறிப்பிட்ட பூங்காக்களிலும் ஈட்டியை எடுக்க முடியாது, இவற்றையெல்லாம் படகில் ஏறி அளந்து பார்க்கும் அதிகாரிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்திலேயே, ஈட்டிக்கு மிக எளிய இலக்காக இருந்த கோலியாத் களவா அங்கே ஏறத்தாழ அழிந்துபோகும் நிலைக்கு வந்து, 1990-இல் அதைப் பிடிப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த ஏற்பாடுகளில் ஒன்றுகூட இல்லாமல் அந்தப் பொழுதுபோக்கை மட்டும் இறக்குமதி செய்வது எந்த வகையில் முறை?

ஒரு விதிவிலக்கையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் பெருங்கடல்களைச் சேர்ந்த சிங்கமீன், மனிதர் செய்த தவற்றால் அட்லாண்டிக் கடலுக்குள் புகுந்து, அங்குள்ள குஞ்சு மீன்களை வாரித் தின்று பெருகிவிட்டது. அதைச் சிலிண்டரோடு போய் ஈட்டியால் குத்தி எடுப்பதை அங்கே ஊக்குவிக்கிறார்கள். நச்சு முட்களை வெட்டிவிட்டால் சாப்பிடவும் நன்றாக இருக்குமாம். ஆனால் அதே சிங்கமீன் மன்னார் வளைகுடாவில் பிறந்த மண்ணில் இருக்கும் மீன். அங்கே எடுத்த படத்தைப் பார்த்து இங்கே அதைக் குத்தக் கூடாது. (விருந்தாளியாக வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டவரையும் வீட்டுக்காரரையும் ஒன்றாக நடத்த முடியாதல்லவா?)

நம் கரையின் நிலையைப் பாருங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றி, 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அந்தத் தீவுகளிலேயே இரண்டு, பவளத்தை வெட்டி எடுத்ததன் விளைவாகக் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பூங்காவுக்குள் எதையும் எடுக்க முடியாது என்பதால் ஈட்டிச் சுற்றுலா என்று வந்தால் அது பூங்காவுக்கு வெளியே உள்ள பார்களைத்தான் நாடும். மீனவர்கள் பார் என்று அழைக்கும் அந்தக் கடலடிப் பாறைகளில்தான் சிறு வள்ளக்காரர்களின் தூண்டில்கள் விளைமீனையும் களவாவையும் செப்பிலியையும் நம்பி இறங்குகின்றன. களவாக்களில் மிகப் பெரியதான ராட்சதக் களவாவை 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதன் குட்டிக்கும் சாதாரணக் களவாவுக்கும் வேறுபாடு தெரியாமல் ஈட்டியை விடும் பயணி, தான் குற்றம் செய்ததைக் கரையேறிய பிறகே அறிவார்.

மூழ்குபவரின் உயிரைப் பற்றியும் ஓர் ஆசிரியனாக எனக்குச் சொல்ல இருக்கிறது. ஸ்கூபாவில் சொல்லித் தரும் முதல் விதி, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. பத்து மீட்டரில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இருமடங்காக விரியப் பார்க்கும். அழுத்தம் பாதியானால் காற்றின் கனஅளவு இருமடங்காகும் என்று மேல்நிலை முதலாம் ஆண்டுப் பாடத்தில் வரும் பாயில் விதிதான் அது. குறிபார்க்கும் எவரும் தம்மை அறியாமல் மூச்சை அடக்குவது இயல்பு. துப்பாக்கி சுடப் பழகியவர்கள் இதை அறிவார்கள். ஈட்டி பாய்ந்த பெரிய மீன் இழுத்துக்கொண்டு ஓடும்போது ஆழமானியையும் காற்றுமானியையும் பார்க்க எவருக்கும் மனம் வராது. நிமிடத்துக்கு 9, 10 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கெல்லாம் அந்தப் போராட்டத்தில் நழுவும். மூச்சடக்கி வேட்டையாடுவது ஆபத்தில்லாதது என்று நான் சொல்லவில்லை. மேலேறும் கடைசி மீட்டர்களில் நினைவிழந்து இறந்த தேர்ந்த வீரர்களும் உண்டு.

எங்கள் பகுதி இளைஞர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. மூழ்கியபோது உடலில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேறுமுன் உயரமான இடத்துக்குப் போனால், அது இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழியாகப் பிரியக்கூடும். ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானத்தில் ஏறக் கூடாது என்பார்கள். 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதிக்குக் காரில் போவதற்கும் அதே கணக்குத்தான். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஞாயிறு மதியம் புதுச்சேரியில் இரண்டு முறை மூழ்கிவிட்டு அன்றிரவே சூளகிரி மேட்டில் ஏறி வீடு திரும்பும் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன்; விமானத்தைப் பற்றி அறிந்தவர்கள் கூடத் தங்கள் ஊரே அந்த உயரத்தில் இருப்பதை யோசித்ததில்லை.

சுவையைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளில் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சிகுவாடெரா என்ற நஞ்சு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, பெரிய களவா, செப்பிலி, சீலா போன்ற வேட்டை மீன்களில் சேரக்கூடியது. வேகவைத்தாலும் பொரித்தாலும் பனிக்கட்டியில் வைத்தாலும் அது போகாது. மணத்திலும் சுவையிலும் தெரியாது. உதடு மரத்து, குளிர்ந்தது சுடுவதாக உணர்ந்து, வாரக்கணக்கில் துன்பப்பட நேரும். ஈ மொய்க்கிறதா, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளால் பயனில்லை. ஆகவே பாறையின் மிகப் பெரிய மீனைக் குத்தி அங்கேயே சுட்டுத் தின்பது, வெப்பக் கடல்களில் அறிந்தவர்கள் தவிர்க்கும் பழக்கம். சுவையான மீன்தான் வேண்டும் என்றால், எங்கள் பாரூர் ஏரிக்கரைக்கோ கிருஷ்ணகிரி அணைக்கோ வரட்டும்; பிடித்த சூட்டில் மிளகாய் தடவிப் பொரித்த மீனுக்கு அங்கே பஞ்சமில்லை.

மீன்வளத் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் பெரியதன்று. ஸ்கூபா பயிற்சி மையங்களுக்கு அனுமதி தரும்போதும் புதுப்பிக்கும்போதும், சிலிண்டர் ஏற்றிய படகில் ஈட்டியோ ஈட்டித் துப்பாக்கியோ இருக்கக் கூடாது என்ற ஒரு வரியை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். கடலுக்கடியில் யார் எதைக் குத்தினார் என்று காவல் காக்க எந்த அரசாலும் முடியாது. படகுத்துறையில் நின்று படகுக்குள் பார்ப்பது ஒரு காவலரால் முடியும். பரம்பரையாக மூச்சடக்கிச் சங்கு குளிப்பவர்களையும், பிழைப்புக்காக மீன் பிடிப்பவர்களையும் இந்த வரி தொடாது.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஈட்டி யோசனைக்கு மறுப்பு வெளியிட இடமில்லாவிட்டாலும், மூழ்கிய அன்றே ஓசூருக்கும் ஏற்காட்டுக்கும் மலையேற வேண்டாம் என்ற குறிப்பையாவது பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். அடுத்து வரும் தொடர் விடுமுறைக்கு என் மாணவர்கள் இப்போதே அறை பதிவு செய்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.